முதல் அலுவலகப் பயணம்: கூட வரும் புதியவரிடம் கிளம்பும் முன்பே பேச வேண்டியவை

ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த ஒருவரை முதல் தடவையாக வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் அழைத்துப் போகிறீர்கள். நான்கு நாள் பயணம். வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் அலுவலக விஷயமாக இதுவரை எங்கும் போனதில்லை. வாடிக்கையாளர் முன்னால் ஏடாகூடமாக ஏதாவது சொல்லிவிடுவாரோ, அவரைப் பார்த்துக்கொள்வதிலேயே உங்கள் நேரம் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் என்ன பேசிவிடுவாரோ என்ற கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர் கேட்கத் தயங்கும் விஷயங்கள்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. முதல் பயணத்தில் ஆட்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்தால், முக்கால்வாசி வேலை சம்பந்தப்பட்டதாகவே இருக்காது. டாக்ஸிக்கு யார் காசு கொடுப்பது? ராத்திரி சாப்பாட்டுக்கு மேனேஜர் கூடப் போயே ஆக வேண்டுமா? மீட்டிங்கில் வாயைத் திறக்கலாமா? இதையெல்லாம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் ஊகித்துக்கொண்டே இருப்பார். நாலு நாளும் ஊகித்துக்கொண்டிருப்பவருக்கு வேலையில் கவனம் எங்கே நிற்கும்? அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களாகச் சொல்லுங்கள்.

முதலில் பணம். பெரும்பாலான மேனேஜர்கள் தொடவே தொடாத விஷயம் இது. புதியவரை அதிகம் வாட்டுவதும் இதுதான். 'இப்போதைக்கு உங்க கையிலிருந்து போடுங்க, அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கலாம்' என்று உங்களால் சுலபமாகச் சொல்லிவிட முடியும். உங்கள் கணக்கில் அதற்குப் பணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆனவருக்கு, வாடகையும் படிப்புக் கடனும் போக மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியாது. தன்னிடம் இல்லை என்று அவர் உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

ஓட்டல் ரிசப்ஷனில் என்ன நடக்கும் என்று பாருங்கள். 'அறை வாடகை வந்துவிட்டது, டெபாசிட்டுக்கு மட்டும் உங்கள் கார்டு வேண்டும்' என்பார் கவுண்டரில் இருப்பவர். நீங்கள் யோசிக்காமல் கிரெடிட் கார்டை நீட்டுவீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் டெபிட் கார்டு மட்டும் இருக்கும். ஓட்டல் பிடித்து வைக்கும் தொகை உங்கள் கார்டில் கடன் வரம்பைத்தான் குறைக்கும். அவருக்கோ கணக்கில் இருக்கும் நிஜப் பணமே முடங்கிப்போகும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடப் பல நாள் ஆகலாம். அந்த நாட்களில் அவர் எதை வைத்துச் செலவு செய்வார்? மெஷின் 'நிராகரிக்கப்பட்டது' என்று காட்டும்போது, பின்னால் வரிசை நிற்க, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு அறைக்கும் டெபாசிட்டை நீங்களோ கம்பெனி கார்டோ ஏற்றுக்கொள்வதாக ஓட்டலுக்கு முன்கூட்டியே மெயில் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

அதோடு கேட்டு முன்பணம் வாங்கிக் கொடுங்கள். அவராகப் போய் அக்கவுண்ட்ஸில் கேட்க மாட்டார். தினப்படியில் எதெல்லாம் அடங்கும், எது தனி என்று எழுத்தில் கொடுங்கள்: சாப்பாடு, உள்ளூர் டாக்ஸி, துணி துவைக்கும் செலவு, கூடுதல் பெட்டிக்கான கட்டணம், ஃபோன் ரோமிங். அவர் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பில்களை அன்றன்றைக்கே படம் எடுக்கச் சொல்லுங்கள். மெஷினிலிருந்து வரும் பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவது, பர்ஸில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். பில்லே கிடைக்காத சில்லறைச் செலவை எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி காட்டுங்கள். உங்கள் பழைய க்ளெய்ம் படிவம் ஒன்றையே கொடுத்துவிடலாம், அதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. திரும்பி வந்ததும் அவருடைய க்ளெய்ம் உங்கள் ஒப்புதலுக்கு வந்த அன்றே ஒப்புதல் கொடுங்கள். அது அவருடைய சொந்தக் காசு.

அடுத்தது ஆவணங்கள். விசாவும் டிக்கெட்டும் டிராவல் டெஸ்க் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் இன்னும் காலாவதியாகவில்லை, போதும் என்றுதான் முதல் தடவை போகிறவர் நினைப்பார். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இல்லையென்றால் விமான நிறுவனமே கவுண்டரில் நிறுத்திவிடும். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்குப் பதிவு செய்யும் விதம் ஒவ்வொரு விமான நிறுவனத்திலும் மாறும், அதை முன்பே கேட்டுவிடுவது நல்லது. குடியேற்றக் கவுண்டரில் 'எதற்காக வந்தீர்கள்' என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் பேசிவிடுங்கள்: வாடிக்கையாளரோடு கூட்டம், இத்தனை நாள், இந்த ஓட்டல், திரும்பும் டிக்கெட் இது. அழைப்புக் கடிதமும் ஓட்டல் பதிவும் தாளில் கையில் இருக்கட்டும், ஃபோனில் மட்டும் வேண்டாம். வரிசையில் நீங்கள் இருவரும் வேறு வேறு கவுண்டருக்குப் போக நேரிடும். அங்கே அவருக்குப் பதிலாக நீங்கள் பேச முடியாது.

பெட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவர் பேங்க் கைப்பெட்டியில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை இருந்தால் அனுமதி வாங்கத் தேவையில்லை, 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான், கவலையில்லை. மீட்டிங்குக்கான ஒரு செட் உடை, லேப்டாப், சார்ஜர், தினசரி மருந்து எல்லாம் கைப்பெட்டியில். செக்-இன் பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமாகியிருந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் மாதிரிக் கருவி ஏதாவது எடுத்துப் போகிறீர்கள் என்றால் ஏ.டி.ஏ. கார்னே (தற்காலிகமாகக் கொண்டுபோகும் பொருளுக்குச் சுங்க வரி கட்டாமல் இருக்க உதவும் ஆவணம்) தேவைப்படுமா என்று முன்பே விசாரியுங்கள். அந்தக் கருவியை அவர் பெட்டியில் போட்டு, சுங்க அதிகாரிக்குப் பதில் சொல்லும் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

சரி, நீங்கள் உண்மையில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்: வாடிக்கையாளர் முன்னால் என்ன செய்வது.

'நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க, எல்லாத்தையும் கவனிங்க' என்று சொல்லி அழைத்துப் போவது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் பேசும்போது ஒருவர் மட்டும் இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தால், இவர் எதற்கு வந்தார் என்று வாடிக்கையாளருக்கே தோன்றும். அவருக்கும் அது தெரியும். தான் வந்ததை நியாயப்படுத்த ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற தவிப்பில்தான் பெரும்பாலும் அந்த ஏடாகூடமான வாக்கியம் வெளியே வரும். பத்து நிமிடப் பகுதி ஒன்றை முழுசாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கையால் செய்த வேலையாக இருக்கட்டும்: அவர் ஓட்டிய சோதனையின் முடிவுகள், அவர் கட்டிய டெமோ, அவர் அலசிய புகார்ப் பட்டியல். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த அறையில் அவரைவிட விஷயம் தெரிந்தவர் யாரும் இருக்கக்கூடாது, நீங்கள் உட்பட. கிளம்பும் முன் இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். இரண்டாவது தடவை நீங்கள் வாடிக்கையாளராக உட்கார்ந்து, குறுக்கே குறுக்கே கேள்வி கேளுங்கள்.

எதைச் சொல்லக்கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். விலை, டெலிவரி தேதி, இன்னும் அறிவிக்காத திட்டம், மற்ற வாடிக்கையாளர்களின் பெயர், உள் குழப்பம், இதெல்லாம் உங்களுக்குத் தானாகவே தெரியும். அவருக்கு அலுவலகத்தில் தினமும் காதில் விழும் பேச்சு இவை, ரகசியம் என்றே தோன்றாது. 'இன்னொரு கம்பெனிக்கும் இதே பிரச்சினை வந்துச்சு, சரி பண்ணிட்டோம்' என்று உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொல்வார். தெரியாத கேள்வி வந்தால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராகக் கொடுங்கள்: 'சரிபார்த்துவிட்டு இன்று மாலைக்குள் எழுதுகிறேன்.' அப்படிச் சொல்வது பலவீனமில்லை, நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள் என்று கூடவே சொல்லுங்கள். மாலைக்குள் அவர் உண்மையிலேயே எழுதினாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டிங்கில் உங்களுக்குத்தான் பரீட்சை. வாடிக்கையாளர் அவரைப் பார்த்து, 'போன மாதம் இந்த எண்ணிக்கை ஏன் குறைந்தது?' என்று கேட்பார். அவர் ஸ்லைடைப் பார்ப்பார், மறுபடி நோட்டைப் பார்ப்பார். அந்த மூன்று நான்கு விநாடி உங்களுக்கு மூன்று நிமிடமாகத் தெரியும். பதில் உங்கள் நுனி நாக்கில் இருக்கும். பேசாமல் இருங்கள். வாடிக்கையாளருக்கு அந்த மௌனம் நீளமாகத் தெரியாது, ஒருவர் யோசிக்கிறார் என்றுதான் தெரியும். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எல்லாக் கேள்வியும் உங்களிடம்தான் வரும், நாலு நாளும் அப்படியேதான் போகும். அவர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் மட்டும் கை கொடுங்கள். அதுவும் பதிலின் முதல் பாதியோடு நிறுத்தி, மீதியை அவரிடமே திருப்பிவிடுங்கள்.

தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டார் என்றால், அது என்ன வகைத் தப்பு என்று பாருங்கள். ஒரு தேதியையோ தொகையையோ வாக்குறுதியாகக் கொடுத்துவிட்டால் அங்கேயே திருத்தியாக வேண்டும். பெயர் சொல்லித் திருத்த வேண்டாம்: 'அந்தத் தேதி சோதனை முடிவைப் பொறுத்தது, அதனால் வெள்ளிக்கிழமை எழுத்தில் உறுதி செய்கிறோம்' என்று உங்கள் வாக்கியமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஸ்லைடில் ஒரு எழுத்துப்பிழை, சொல்ல மறந்த ஒரு புள்ளி, கொஞ்சம் வேகமாகப் பேசியது, இதையெல்லாம் அறைக்குள் தொடாதீர்கள். அங்கேயே திருத்தினால் வாடிக்கையாளர் ஞாபகத்தில் நிற்பது பிழையாக இருக்காது, நீங்கள் உங்கள் ஆளை நடத்திய விதமாகத்தான் இருக்கும்.

வெளியே வந்ததும் லிஃப்டில், வரவேற்பறையில், டாக்ஸியில் வாடிக்கையாளரைப் பற்றிப் பேசக்கூடாது என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள். மீட்டிங் முடிந்த நிம்மதியில் அங்கேதான் எல்லாம் கொட்டும். ஓட்டல் லாபிக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். அமெரிக்க ராணுவத்தில் 1970-களில் பயிற்சிக்குப் பின் பேசுவதற்கென்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த தடவை எதை மாற்றுவோம். இந்த நாலு கேள்வியே போதும். முதலில் அவரைச் சொல்ல விடுங்கள். நீங்கள் சுட்டிக்காட்ட நினைத்ததில் பாதியை அவரே சொல்லிவிடுவார். தானே சொன்னது மறக்காது. மீதியில் அடுத்த நாளுக்கு உடனே உதவும் ஒன்றை மட்டும் எடுங்கள். பன்னிரண்டு குறைகளை ராத்திரி பட்டியல் போட்டால் மறுநாள் காலை அவர் நடுங்கிக்கொண்டுதான் வருவார்.

வேலை நேரத்துக்கு வெளியே இருக்கும் மணி நேரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பயணத்தில் மேனேஜரும் ஊழியரும் காலைச் சாப்பாட்டிலிருந்து ராத்திரி வரை ஒன்றாகவே இருக்கும்படி ஆகிவிடும். உங்களுக்கு அது துணை. அவருக்கு அது பதினாலு மணி நேர நேர்முகத் தேர்வு. 'ஏழு மணிக்கு மேல உங்க நேரம். சேர்ந்து சாப்பிடணும்னு அவசியமில்ல, ரூம்ல ரெஸ்ட் எடுத்தாலும் சரி, ஊர் சுத்திப் பார்த்தாலும் சரி' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். எட்டரைக்கு 'என்ன பண்றீங்க' என்று மெசேஜ் போனால் சொன்னதற்கு மதிப்பில்லை. வாடிக்கையாளரோடு விருந்து என்றால் அது வேலை, வர வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் அங்கே குடிப்பது வேலையில் சேராது. அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கக்கூடாது, வாடிக்கையாளர் வற்புறுத்தினால் பேச்சை மாற்றிவிடுவது உங்கள் பொறுப்பு.

ஆளுக்கொரு அறை. செலவு மிச்சம் என்று யார் சொன்னாலும் மேனேஜரும் ஊழியரும் ஒரே அறையில் தங்க வேண்டாம், இருவரும் ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி. மறுநாள் ஸ்லைடைத் திருத்த வேண்டும் என்றால் லாபியிலோ காபி ஷாப்பிலோ உட்காருங்கள், அறைக்குக் கூப்பிடாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-வது உடன்படிக்கை, பணியிடத் துன்புறுத்தல் என்பது வேலை சம்பந்தமான பயணங்களையும் உள்ளடக்கியது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வாடிக்கையாளர் தரப்பில் யாராவது எல்லை மீறினால் உங்களோடு வந்தவர் முதலில் யாரிடம் சொல்வார்? உங்களிடம் சொல்லலாம் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் சொல்ல முடியாத நிலை வந்தால் கூப்பிட அலுவலகத்தில் இன்னொருவர் பெயரும் எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும்; இருந்தாலும் சொல்லுங்கள். பயண ஆபத்துகளை நிறுவனங்கள் எப்படிக் கையாள்வது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 31030 என்ற வழிகாட்டியே 2021-ல் வந்திருக்கிறது. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு கொள்கை இருந்தால் அதைப் படித்துவிட்டு, காப்பீட்டு எண், அவசர உதவி எண், ஓட்டல் முகவரி மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபோன் சார்ஜ் தீர்ந்தால் அந்தத் தாள்தான் துணை.

நேர வித்தியாசம் அதிகம் உள்ள இடம் என்றால், இறங்கிய அன்றே முக்கியமான கூட்டம் வைக்காதீர்கள். உடம்பின் கடிகாரம் தோராயமாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கே போகும்போது இன்னும் சிரமம். பழகியவருக்குத் தன் உடம்பு எப்போது சோரும் என்று தெரியும். புதியவர் மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொருகும்போது தனக்கு ஏதோ கோளாறு என்று பயப்படுவார். அவருடைய பத்து நிமிடத்தைக் காலை நேரத்தில் வைப்பதா, மாலையில் வைப்பதா என்பதை இதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் சில விஷயம் சொதப்பும். ஒருநாள் காலையில் லாபிக்கு இருபது நிமிடம் தாமதமாக வருவார். அலாரம் வைத்த ஃபோன் உள்ளூர் நேரத்துக்கு மாறாமல் இருந்திருக்கலாம், ராத்திரி மூன்று மணி வரை தூக்கம் வராமல் இருந்திருக்கலாம். ஒரு தடவை கேளுங்கள், வழி சொல்லுங்கள், விட்டுவிடுங்கள். தெரியாமல் செய்வதை எவ்வளவு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. நடத்தை வேறு. ஓட்டல் ஊழியரிடம் எரிந்து விழுவது, பொய் பில் வைப்பது, சொல்லியும் மறுபடி வாடிக்கையாளரின் விஷயத்தை வெளியே பேசுவது, இதெல்லாம் அனுபவக் குறைவு இல்லை. முதல் பயணம்தானே என்று இவற்றைப் பூசி மெழுகாதீர்கள். அன்றைக்கே தனியாக அழைத்து நேராகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மறுநாள் கூட்டத்தை நீங்கள் மட்டும் நடத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் போனதற்கு ஈடு விடுப்பு உண்டா என்றும் அவர் கேட்க மாட்டார். உங்கள் விதிகளில் இருந்தால் நீங்களே சொல்லி எடுக்க வையுங்கள். ராத்திரி விமானத்தில் வந்து இறங்கியவர் காலை ஒன்பது மணிக்கு சீட்டில் உட்கார வேண்டுமா என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய கூட்டக் குறிப்பை அவரே எழுதட்டும், அவர் பெயரிலேயே போகட்டும். நீங்கள் வரைவை ஒருமுறை பார்த்தால் போதும்: யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், நடையைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்து வரும் ஃபோன் அழைப்பில் அவருடைய பகுதியை அவரே நடத்தட்டும். நீங்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கொஞ்ச நாளில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து சந்தேகங்கள் நேராக அவருக்கே மெயிலாக வர ஆரம்பிக்கும். உங்களுக்கு நகல் போடச் சொல்லி வைத்துவிட்டு, பதிலை அவரையே எழுத விடுங்கள்.